யப்பானியரின் கல்நயப்பும் அதன் சமூக அடிப்படையும்

ஆற்றிலோ மலையிலோ கிடைத்த கல்லொன்றை வடிவு செதுக்காது எடுத்துவந்து, மணல் பரப்பிய தட்டிலோ மரப்பீடத்திலோ அமர்த்தி, அதில் தூரமலையையோ நீர்வீழ்ச்சியையோ கண்டு நயப்பது ‘சுயிசெகி’ எனப்படும் யப்பானியக் கலையாகும். இதனைத் தனிமனித உள அமைதியின் வெளிப்பாடாக மட்டும் விளக்குவோர் உளர். அவ்விளக்கம் போதுமானதன்று என்பதே எமது கருத்து.

சீன அறிஞர் மரபிலிருந்து வந்த கல்நயப்பு, முரொமாச்சிக் காலத்தில் (1336-1573) ஸென் பௌத்தத்தின் எளிமைக் கோட்பாட்டோடு இணைந்து ஆளுங்குழாத்தினரிடையே வளர்ந்தது. அக்காலத்து ஷோகனாகிய அஷிகாகா யொஷிமசா கலைப்பொருள்களின் பெரும் புரவலர். 1460-61இல் கியோத்தோவைப் பஞ்சம் வாட்டியபோதும் அவர் மாளிகைப் பணிகளை நிறுத்தினாரல்லர். 1467இல் தொடங்கிய ஓனின் போரில் நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தது. 1482இல் அவர் கிழக்குமலைச் சாரலில் தமது ஓய்வில்லத்தை எழுப்பத் தொடங்கினார். எளிமையை அழகாகக் காண்பதற்கான ஓய்வு, எளிமையைத் தாமாகத் தேர்ந்துகொள்ளாத உழவரின் உழைப்பிலிருந்தே கிட்டியது.

கல் அரசியற் கருவியாகவும் பயன்பட்டது. இஷியாமா ஹொங்கன்ஜி மடத்துடனான பத்தாண்டுப் போர் 1580இல் முடிவுற்றபோது, ஒடா நொபுனாகா ‘சுயெ நொ மட்சுயாமா’ என்னும் கல்லை அம்மடத்திற்கு அளித்தார் என்பது மரபுவழிச் செய்தி.

பிற்காலத்தில் இந்நயப்பு கற்றோரிடமும் வணிகரிடமும் பரவி, 1960களில் சாதாரண மக்களின் பொழுதுபோக்காயிற்று. ஆகவே இக்கலையை மறுப்பது எமது நோக்கமன்று. ஆற்றங்கல் என்றும் எவருக்கும் பொதுவாகவே கிடந்தது. அதனை நின்று நோக்கும் ஓய்வே நெடுங்காலம் பொதுவாக இருக்கவில்லை.