வளைகுடாவில் ஜாஸ் கிற்றார்: எதை வாங்குவது, எப்படிக் காப்பது

ஈழத்துத் தமிழரின் காதுகளுக்குக் கிற்றார் புதிதல்ல. ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றோரின் பொப்பிசைப் பாடல்களோடு அது எம் வீடுகளுக்குள் வந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆனால் டுபாயிலோ டோஹாவிலோ வளரும் எமது பிள்ளை ஜாஸ் இசையில் நாட்டம் கொண்டு, வயலினைப் போல வளைந்த முகப்பும் இரண்டு 'எஃப்' வடிவத் துளைகளும் உள்ள பெரிய மின்கிற்றார் ஒன்றைக் கேட்கும்போது பெற்றோர் தயங்குகிறார்கள். விலை கூடியது, இடம் பிடிக்கும், வேலையும் வீசாவும் முடிந்தால் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டும். இந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அதே வேளை, சரியானதைத் தெரிவுசெய்தால் இந்த வாத்தியம் எமது வாழ்க்கைக்கு நன்றாகவே பொருந்தும்.

இது என்ன வாத்தியம்?

ஆங்கிலத்தில் 'ஹொலோ பொடி' என்று சொல்லப்படும் இந்தக் கிற்றாரின் உடல் முழுவதும் வெற்றிடம். கிப்ஸன் நிறுவனம் 1922 இல் 'எல்-5' கிற்றாரில் எஃப் துளைகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் ஊதுவாத்தியங்கள் நிறைந்த பெரிய இசைக்குழுக்களில் கிற்றாரின் ஒலி அமுங்கிப்போனது. 1936 இல் வந்த 'ஈ.எஸ்-150' கிற்றாரில் தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்அப் பொருத்தப்பட்டது. 1939 இல் பெனி குட்மனின் குழுவில் சேர்ந்த சார்ளி கிறிஸ்ரியன் அதைக்கொண்டு கிற்றாரைத் தனி வாசிப்புக்கு உரிய வாத்தியமாக உயர்த்தினார். 1942 இல் இறந்தபோது அவருக்கு வயது 25 மட்டுமே.

எமது பிராந்தியத்துக்கும் ஜாஸ் அந்நியமல்ல. பெங்களூரில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்து 2016 இல் மறைந்த கார்ல்டன் கிட்டோ பல தசாப்தங்கள் ஜாஸ் கிற்றார் வாசித்தார், கற்பித்தார். வளைகுடாவுக்கு அருகே உள்ள ஈரானின் எண்ணெய் நகரமான அபதானில்தான் 1956 இல் டிஸி கில்லெஸ்பியின் புகழ்பெற்ற வெளிநாட்டுப் பயணம் தொடங்கியது. டுபாயின் ஜாஸ் விழா 2003 இல் ஆரம்பமானது. பெர்க்லி இசைக் கல்லூரி அபுதாபியில் தன் நிலையத்தை 2020 இல் திறந்தது. ஆகவே ஆர்வமுள்ள பிள்ளைக்கு இங்கே கேட்கவும் கற்கவும் வழி இருக்கிறது.

அடுக்குமாடி வாழ்வுக்கு ஏன் பொருந்தும்?

திண்மையான உடல் கொண்ட சாதாரண மின்கிற்றாரை அம்ப்ளிபயர் இல்லாமல் வாசித்தால் ஒலி மிகவும் மெல்லியதாக இருக்கும். உட்குழிவான கிற்றாரோ மின் இணைப்பு இல்லாமலே அறைக்குள் தெளிவாகக் கேட்கும். பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டி உறுத்தாது. ஒரே வீட்டை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது பெரிய வசதி.

ஆனால் அம்ப்ளிபயரை உரக்க வைத்தால் வெற்றுடல் அந்த ஒலியை வாங்கி மீண்டும் அதிர்ந்து ஊளையிடும். ஜாஸுக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. கிற்றாரின் முகப்பை ஒலிபெருக்கிக்கு நேரே காட்டாமல் அமர்ந்தாலே பெரும்பாலும் போதும்.

ஒட்டுப்பலகையே மேல்

விலை கூடியதே நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. உயர்ந்த விலைக் கிற்றார்களின் முகப்பு, முழு ஸ்புரூஸ் மரத்தைச் செதுக்கிச் செய்யப்படுவது. அது ஈரப்பதனுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும்; கூடினால் வெடிக்கும். 1949 இல் வந்த 'ஈ.எஸ்-175' போன்றவை மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒட்டிச் செய்தவை. ஜோ பாஸ், ஜிம் ஹோல் போன்ற மேதைகள் வாசித்ததும் இந்த வகையைத்தான். ஒட்டுப்பலகை குறைவாக அசையும், ஊளையும் குறைவு. வளைகுடாவில் இதுவே புத்திசாலித்தனமான தெரிவு. இதே அமைப்பில் வேறு நிறுவனங்கள் செய்யும் மலிவான கிற்றார்களும் கிடைக்கின்றன.

வெப்பமும் ஈரமும்

கிற்றாருக்கு உகந்த சாரீரப்பதன் 45 முதல் 55 சதவீதம். கோடையில் வெளியே கரையோர ஈரக்காற்று, உள்ளே குளிரூட்டியின் உலர்காற்று. இரண்டுக்கும் இடையில் வாத்தியம் அல்லாடும். சிறிய ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். குளிரூட்டியின் காற்று நேரே படும் இடத்தில் கிற்றாரை மாட்டாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விடவேண்டாம். மரத்தை இணைக்கும் பசையே இளகிவிடும். ஜூலை, ஓகஸ்ற் விடுமுறையில் குளிரூட்டியை அணைத்துவிட்டு ஊர் போகும் குடும்பங்கள், வீட்டில் ஆள் இருக்கும் நண்பரிடம் அதை ஒப்படைத்துச் செல்வது நல்லது.

தந்தியும் மின்சாரமும்

ஜாஸ் வாசிப்போர் பலர் தடித்த, தட்டையாகச் சுற்றிய தந்திகளைப் போடுவார்கள். ஒலி இதமாக இருக்கும். ஆனால் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது கடினம். கர்நாடக சங்கீதமும் கற்கும் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல மாதிரிகளில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது; தந்திகளின் அழுத்தமே அதை நிறுத்திவைக்கிறது. எனவே தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் நகர்ந்து சுருதி பிசகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் அம்ப்ளிபயர் 120 வோல்ற்றுக்கு உரியதாக இருக்கலாம். அமீரகத்தின் 230 வோல்ற் இணைப்பில் அதை நேரே செருகினால் எரிந்துபோகும். தகுந்த மின்மாற்றி அவசியம்.

இடம் மாறும்போது

எம்மில் பலருக்கு வளைகுடா நிரந்தர இருப்பிடம் அல்ல. வாங்கும்போதே கடினமான பெட்டியையும் சேர்த்து வாங்குங்கள். விமானப் பயணத்துக்கு முன் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, பிரிட்ஜின் கீழ் மெல்லிய துணி வைத்து, தலைப்பகுதி அசையாதபடி சுற்றிலும் துணி அடையுங்கள். பெரும்பாலும் முறிவது கழுத்து தலையோடு சேரும் இடம்தான். பழைய கிற்றாரில் பிரேசில் ரோஸ்வூட் மரம் இருந்தால் எல்லை கடக்க சைட்டிஸ் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம். மற்ற ரோஸ்வூட் வகைகளில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. வாங்கிய பற்றுச்சீட்டையும் மர விபரத்தையும் கடவுச்சீட்டுப் பிரதிகளோடு சேர்த்து வையுங்கள்.

நாடு விட்டுப் போவோர் விற்கும் கிற்றார்கள் இங்கே அடிக்கடி கிடைக்கும். முகப்பில் வெடிப்பு, கழுத்தில் வளைவு, துளை வழியே பார்த்தால் உள்ளே பிரிந்த ஒட்டு ஆகிய மூன்றையும் பார்த்தபின் விலை பேசுங்கள். இந்தக் கவனத்தோடு வாங்கிய கிற்றாரை அடுத்த நாட்டுக்கும் பிள்ளை நம்பிக்கையோடு எடுத்துச் செல்லலாம்.