ஆதுலர் சாலையிலிருந்து வீட்டு வாசலுக்கு: திருமுக்கூடல் கல்வெட்டை முன்வைத்து

பெருநகர் என்ற ஊர் வழியாக வரும் செய்யாறு பாலாற்றோடும் வேகவதியோடும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் இருக்கும் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு, 'வீரசோழன்' என்ற பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலையை (மருத்துவமனையை) குறிக்கிறது. காலம் 1069 என்பர். ஆட்சித் தொடக்கத்தைக் கணிப்பதைப் பொறுத்து ஓராண்டு முன்பின் ஆகலாம்.

இதை எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்த கே. வி. சுப்பிரமணிய ஐயர், மருந்துப் பெயர்களை ஆயுர்வேத நூல்களோடு ஒப்பிட்டு விளக்கினார். அந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆனால் அவரை அடியொற்றியவர்கள் வைத்தியரிலும் சல்லியக்கிரியை (அறுவை) செய்பவரிலும் மருந்துகளிலுமே நின்றுவிட்டனர். நோயைப் போக்கும் இடமாக மட்டும் சாலையைப் பார்த்ததன் விளைவு இது. கல்வெட்டின் நெல் கணக்கு வேறு திசையைக் காட்டுகிறது.

வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம். சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள் இருவருக்கும் சேர்த்து அதே 30 கலம். அறுவைக்கு ஒதுக்கிய நெல்லும் பணிவிடைக்கு ஒதுக்கிய நெல்லும் சமம். படுத்திருப்பவருக்கு நாள்தோறும் தலைக்கு ஒரு நாழி அரிசி; நீர் கொண்டுவர ஓராள்; நாவிதர்; இரவில் எரிய ஒரு விளக்கு. விளக்கு எந்த நோயையும் தீர்ப்பதில்லை. இரவில் யாரோ எழுந்து பார்ப்பார்கள் என்பதற்கான ஏற்பாடு அது என்பேன். கோயில் அறக்கட்டளை என்றாலே விளக்கும் வரும் என்ற மறுப்பு வலுவானதுதான். ஆயினும் இந்த விளக்குக்கான எண்ணெய் சாலையின் செலவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மருந்துகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். வாசாஹரீதகி ஆடாதொடையும் கடுக்காயும் சேர்ந்தது. இருமலையும் மூச்சிரைப்பையும் தணிப்பது. ஆமணக்கெண்ணெய் சார்ந்த ஏரண்ட தைலங்கள் வாத வலிக்கும் மலச்சிக்கலுக்கும் ஆனவை. வலி, மூச்சுத்திணறல், மலச்சிக்கல் ஆகிய மூன்றையும் நோயாளியின் துன்பத்தைத் தணிக்கும் இன்றைய நோய் ஆதரவுச் சிகிச்சையும் முதலில் விசாரிக்கும். குணமாகக்கூடியவருக்கும் இதே மருந்துகள்தாம் என்பதால், தீராநோயாளிகள் அங்கே தங்கினர் என்று இதைக்கொண்டு நிறுவ முடியாது. தங்கியிருந்தால் அவர்களைக் கவனிக்க வேண்டியவை அங்கே இருந்தன என்ற அளவில் நிற்கிறேன்.

கல்வெட்டில் இல்லாதது ஒன்று உண்டு: நோயாளியைத் தேடிப்போக ஆளில்லை. மூலிகை கொண்டுவர இருவர் உண்டு. வீட்டில் முடங்கியவரை அறிந்துவர எவருக்கும் நெல் ஒதுக்கவில்லை. வேதக் கல்லூரியும் விடுதியும் சாலையும் ஒரே அறக்கணக்கில் வருவதால், பயனாளிகள் பெரும்பாலும் அந்த வளாகத்தவரே என்ற கருத்து எனக்கும் ஏற்புடையது.

ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின், 1969இல் காஞ்சிபுரம் அருகே காரப்பேட்டையில் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை வாசலை எல்லாருக்கும் திறந்தது. அப்போதும் நோயாளிதான் அங்கே போக வேண்டும். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கி வீடுகளுக்குச் சென்றது. தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம், நோய் ஆதரவுச் சேவையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. திருமுக்கூடலில் விடுபட்ட பணியை இன்று மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் செய்கிறார்: வீடு வீடாகச் சென்று படுக்கையில் இருப்பவரை அறிவது.

அறிந்தபின் கடும் வலிக்கு மார்பின் என்ற மருந்து வேண்டும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு, அதை வைத்திருந்து வழங்கப் பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்றானது. அந்தத் தளர்வு திருமுக்கூடல் வட்டாரத்து உத்திரமேரூர் ஒன்றியத்தின் கடைசி வீடுவரை சென்றிருக்கிறதா என்பதைச் சட்டத்தின் வாசகம் சொல்லாது. வீட்டு வருகைப் பதிவேடுகளில் வலியின் அளவு எழுதப்படுகிறதா, எழுதியபின் மருந்து எத்தனை நாளில் வந்தது என்பதை ஊர் ஊராகப் பார்ப்பதே இந்த ஆய்வின் அடுத்த கட்டம்.