கிம்கிறாக்கின் பெயரால் ஒரு பந்தயம்

இங்கிலாந்தின் வட பகுதியிலுள்ள யோக் நகரிலே, ஆகஸ்ட் மாதந்தோறும் இரண்டு வயதுக் குதிரைகளுக்கென ஒரு பந்தயம் நடைபெறுகின்றது. 1846ஆம் ஆண்டிலே தொடங்கிய இப்பந்தயம் கிம்கிறாக் என்னும் குதிரையின் பெயரைத் தாங்கியது. அக்குதிரையோ யோக் நகரில் ஒரு முறையேனும் வென்றதில்லை. இரண்டு வயதிலே அது பந்தயக் களத்தை மிதித்ததுமில்லை.

கிம்கிறாக் பிறந்தது 1760ஆம் ஆண்டில். சாம்பல் நிறம், தோளளவு உயரம் ஐந்தடிக்குங் குறைவு. பகட்டான அற்பப் பொருளையே ஆங்கிலத்தில் அச்சொல் குறிக்கும். பெயரிட்டவர் அதன் சிற்றுருவைக் கண்டு நகைத்தார் போலும்! நான்கு வயதில் ஓடத் தொடங்கிய அக்குதிரை, பதினொரு வயது வரையில் 36 ஓட்டங்களில் இருபத்தைந்துக்கு மேற்பட்டவற்றில் வென்றது. 1766இல் பிரான்சு நாட்டிலே, பந்தயப் பணத்துக்காக ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டரை மைல் ஓடியதென்பர். புகழ்பெற்ற ஓவியர் ஜோர்ஜ் ஸ்ரப்ஸ் அதனைத் தீட்டிய ஓவியமொன்று 2011இல் இரண்டு கோடியே இருபது இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று.

அன்றைய பந்தயங்கள் நெஞ்சுரத்தைச் சோதிப்பவை. முற்றிய குதிரைகள் நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஓடின. ஆயினும், குதிரையை நான்கைந்து ஆண்டுகள் தீனியிட்டு வளர்த்த பின்னரே வருவாய் காண்பதற்குச் செல்வர் பலருக்குப் பொறுமை இருக்கவில்லை. 1786இல் நியூமார்க்கற்றிலே இரண்டு வயதுக் குதிரைகளுக்கான ‘ஜூலைப் பந்தயம்’ தோன்றியது. பிரித்தானியாவில் இன்றும் நிலவும் அவ்வகைப் பந்தயங்களுள் மூத்தது அதுவே. எக்கிளிப்ஸ், ஹைபிளையர் என்னும் பெருங்குதிரைகளின் குட்டிகள் மூன்று இறாத்தல் அதிகம் சுமந்து ஓட வேண்டுமென்பது அதன் பழைய விதி. தந்தையின் புகழுக்கு மகன் இறுத்த வரி! ஆசை அத்தோடும் அடங்கவில்லை. ஒரு வயதுக் குட்டிகளையுங் களத்தில் இறக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் அது தடுக்கப்பட்டது. எலும்பு முற்றாத விலங்கை விரட்டுதல் தகுமா என்னும் வாதம் இரண்டு வயதுப் பந்தயங்களைப் பொறுத்தவரையில் இன்றும் ஓயவில்லை.

யோக் நகரத்து அன்பர் சிலர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கிம்கிறாக்கின் பெயரால் ஒரு கழகம் அமைத்திருந்தனர். அவர்களது விருந்து டிசம்பரில் நடைபெறும். ஆகஸ்டில் வென்ற இளங்குதிரையின் உரிமையாளர் அங்கே எழுந்து, பந்தய உலகின் நிறைகுறைகளைப் பற்றி உரையாற்றுதல் நெடுநாள் மரபு. அவர் வென்றது ஆறு பர்லாங்கு ஓட்டம். முக்கால் மைல் தூரம்.