வாழைப்பழ ஜூதாபா: பக்தாதின் அடுப்பில் பிறந்த இனிப்பு

திருக்குர்ஆனின் 56ஆவது அத்தியாயம் சுவனத்து மரங்களுள் ஒன்றாகக் கூறும் ‘தல்ஹ்’ என்பதை வாழை என்றே விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். அந்த வாழையின் கனியைக் கொண்டு அப்பாஸியர் கால பக்தாதில் ஓர் இனிப்பு செய்தனர். அதன் பெயர் ஜூதாபா.

பத்தாம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூல் இதன் செய்முறையைத் தருகிறது. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தியின் (779–839) பெயரால் அது பதிவாகியுள்ளது. அண்ணன் மகன் மஃமூனுக்கு எதிராக பக்தாதில் கலீஃபாவாக அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் பதவி இழந்து, பின்னர் மன்னிக்கப்பட்டவர் அவர். அரசியலில் தோற்றவரின் பெயர் இசையிலும் சமையலிலும் நிலைத்துவிட்டது!

செய்முறை மிக எளிது. பாத்திரத்தில் மெல்லிய ரொட்டியை விரித்து, அதன்மேல் உரித்த வாழைப்பழத்தைப் பரப்பி, சீனி தூவ வேண்டும். மீண்டும் ரொட்டி, பழம், சீனி. பாத்திரம் நிறைந்ததும் நனையுமளவு பன்னீர் ஊற்றி, தந்தூர் அடுப்பில் வைத்து, அதற்கு நேர்மேலே நல்லதொரு கோழியைத் தொங்கவிடுவர். கோழி வேகவேக அதன் கொழுப்பும் சாறும் இனிப்பின்மேல் சொட்டும். இனிப்பில் கோழிச்சாறா என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால், ஒரே நெருப்பில் இரண்டு உணவுகள் ஆயின. தணலில் விழுந்து கருக வேண்டிய கொழுப்பும் வீணாகவில்லை. வீண்விரயத்தைக் கண்டிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களின் அடுப்பு அல்லவா!

இவ்வுணவு அரண்மனையோடு நின்றுவிடவில்லை. பதீஉஸ்ஸமான் அல்ஹமதானீ (இறப்பு 1008) தம் ‘மகாமாத்’ நூலின் பக்தாத் கதையில், தந்திரக்காரன் ஒருவன் அப்பாவிக் கிராமத்தானை அழைத்துச் செல்லும் கடைத்தெரு இறைச்சிக்கடையிலும் ஜூதாபா இருக்கிறது.

100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 89 கலோரி ஆற்றலும், 2.6 கிராம் நார்ச்சத்தும், 358 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. பழம் கனியக்கனிய அதன் மாவுச்சத்தே சர்க்கரையாக மாறுகிறது. எனவே, நன்கு கனிந்த பழத்தின்மேல் சீனி தூவுவது, என் பார்வையில், செல்வச் செழிப்பைக் காட்டும் அரண்மனைப் பழக்கமேயன்றித் தேவையன்று. நம் இஃப்தார் விரிப்புகளில் சீனிப்பாகு வழியும் பண்டங்கள் பெருகிவிட்ட இந்நாளில், ரொட்டி, பழம், பன்னீர் ஆகிய மூன்றை மட்டும் அடுக்கி, சிறிது நெய் தடவி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை அவனில் சுட்டெடுத்தாலே போதும். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு அதிலும் சிறு துண்டு மட்டுமே. சீனி சேர்க்காவிட்டாலும் பழத்தின் சர்க்கரை அதில் இருக்கத்தான் செய்கிறது.