ராமாவரம், 1967: ஒரு ரிவால்வரும் ஒரு குரலும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட விஷயம், எம்.ஜி.ஆர். சுடப்பட்ட கதை. தாம்பரத்துல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல கிளம்பி, கத்திப்பாரா மேம்பாலத்துல இடது பக்கம் இறங்கி, நந்தம்பாக்கம் டிரேட் சென்டரைத் தாண்டினா ராமாபுரம் வந்துடும். ஐ.டி. கம்பெனி பஸ்ல தினமும் அந்தப் பக்கம் போறவங்க ஆயிரக்கணக்குல இருப்பீங்க. அந்த மவுண்ட்-பூந்தமல்லி ரோடு மேலேயே இருக்கிற ராமாவரம் தோட்டத்துலதான் இது நடந்தது.

இந்தக் கதையை ரெண்டு விதமா சொல்லலாம். ஒண்ணு, ரெண்டு பெரிய நடிகர்களோட சண்டை. அதை யூடியூப்ல நிறைய பேர் சொல்லிட்டாங்க. இன்னொண்ணு, வீட்டுல இருக்கிற ஒரு ரிவால்வர் என்ன செய்யும், காயம்பட்ட மனுஷன் அதுல இருந்து எப்படி எழுந்து வர்றான்ங்கிற கதை. நான் ரெண்டாவதைத்தான் சொல்லப் போறேன். ஏன்னு பாதியில சொல்றேன்.

1967 ஜனவரி 12, சாயங்காலம். மறுநாள் 'தாய்க்குத் தலைமகன்' ரிலீஸ். அடுத்த மாசம் பொதுத் தேர்தல். எம்.ஜி.ஆர். பரங்கிமலைத் தொகுதியில தி.மு.க. வேட்பாளர். நடிகவேள் எம்.ஆர்.ராதாவும், 'பெற்றால்தான் பிள்ளையா' படத்தோட தயாரிப்பாளர் வாசுவும் தோட்டத்துக்கு வந்தாங்க. அந்தப் படம் ஒரு மாசம் முன்னாடிதான், 1966 டிசம்பர்ல வெளியாகியிருந்தது. எம்.ஜி.ஆரும் ராதாவும் அதுல சேர்ந்து நடிச்சிருந்தாங்க. அதாவது வந்தவர் வீட்டுக்குத் தெரியாத ஆள் இல்ல. கேட்டைத் திறந்து, உட்காரச் சொல்லிப் பேசுற அளவுக்குப் பழக்கமானவர்.

பேச்சு நடந்துட்டு இருக்கும்போதே துப்பாக்கி வெடிச்சது. எம்.ஜி.ஆருக்கு இடது காதுப் பக்கம் குண்டு பாய்ஞ்சது. ராதா உடம்பிலயும் குண்டு. ரெண்டு பேரையும் முதல்ல ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனாங்க. செய்தி பரவினதும் ஊர் முழுக்கப் பதற்றம். ஆஸ்பத்திரி வாசல்ல பெரும் கூட்டம். ரெண்டு பேருமே பிழைச்சாங்க.

அன்னைக்கு ராமாவரம் மெட்ராஸ் நகரத்துக்குள்ள கிடையாது, செங்கல்பட்டு மாவட்டம். அதனால வழக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிபதிகிட்ட போச்சு. ராதாவுக்காக வாதாடினவர் என்.டி.வானமாமலை. எம்.ஜி.ஆர்.கிட்டயும் ஒரு ரிவால்வர் இருந்தது. அதனால 'யாரு யாரைச் சுட்டாங்க'ங்கிறதுதான் வழக்கோட மையக் கேள்வியா ஆச்சு. 1967 நவம்பர் 4-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ராதாதான் எம்.ஜி.ஆரைச் சுட்டார், பிறகு தன்னையும் சுட்டுக்கிட்டார்னு கோர்ட் முடிவு பண்ணி, 7 வருஷம் கடுங்காவல் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டுல தண்டனை குறைஞ்சு, 1971-ல ராதா வெளியே வந்தார்.

இந்த மாதிரி வழக்குல எந்தத் துப்பாக்கி சுட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ரிவால்வர் குழாயோட உள் பக்கம் வழவழன்னு இருக்காது. திருகு மாதிரி வரி ஓடும். குண்டு சுழன்று நேராப் போகணும்னு வெட்டின வரி அது. வெளியே வர்ற ஒவ்வொரு குண்டு மேலயும் அந்த வரி கீறல் போடும். ஒரே மாடல்ல ரெண்டு துப்பாக்கி இருந்தாக்கூட, வெட்டின கருவியோட தேய்மானம், துரு, பயன்பாடு எல்லாம் சேர்ந்து ஒவ்வொண்ணுக்கும் தனிக் கீறல் விழும். சந்தேகப்படுற துப்பாக்கியில லேப்ல ஒரு குண்டைச் சுட்டு, உடம்புல இருந்து எடுத்த குண்டோட ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்ல பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு ஃபைலோட ஹேஷைப் பொருத்திப் பார்க்கிற மாதிரி. ஆனா இங்க நூத்துக்கு நூறு மேட்ச்னு கம்ப்யூட்டர் சொல்லாது. கண் பழகின நிபுணர் ஒருத்தர் சொல்லணும், குறுக்கு விசாரணையில அதைக் காப்பாத்தணும்.

அவ்வளவு கிட்டத்துல சுட்டும் ரெண்டு பேரும் எப்படிப் பிழைச்சாங்க? இந்த வழக்கைப் பத்திப் பேசுறவங்க எப்பவும் சொல்ற விளக்கம், தோட்டாக்கள் ரொம்பப் பழசுங்கிறது. அதுல அறிவியல் இருக்கு. தோட்டாவுக்குப் பின்னாடி ஒரு சின்ன மூடி, அதுக்குள்ள அடிச்சா பத்திக்கிற மருந்து. அது பத்தினதும் உள்ளே இருக்கிற வெடிமருந்து எரிஞ்சு, அந்த வாயு குண்டைத் தள்ளும். சென்னை மாதிரி ஈரக்காத்து அடிக்கிற ஊர்ல வருஷக்கணக்கா கிடந்தா, அந்த மருந்து மெல்ல மெல்ல வீரியம் இழக்கும். குண்டு வெளியே வரும், ஆனா போக வேண்டிய வேகத்துல போகாது. எம்.ஜி.ஆர். கழுத்துல, முதுகெலும்புக்குப் பக்கத்துல குண்டு சிக்கி நின்னது. இன்னும் கொஞ்சம் வேகம் இருந்திருந்தா தமிழ்நாட்டு அரசியலே வேற மாதிரி போயிருக்கும்.

இப்ப அடுத்த அஞ்சாறு வாரத்தைப் பாருங்க. எம்.ஜி.ஆரால பிரசாரத்துக்குப் போக முடியல. வாயைத் திறந்து ஒரு வார்த்தை தெளிவாப் பேச முடியல. கழுத்துல கட்டோட ஆஸ்பத்திரியில இருக்கிற அவர் போட்டோ போஸ்டரா அடிக்கப்பட்டு ஊர் ஊரா ஒட்டப்பட்டது. பரங்கிமலையில அவருக்குக் கிடைச்ச ஓட்டு 54,106. எதிர்த்து நின்ன காங்கிரஸ் வேட்பாளருக்கு 26,432. வித்தியாசம் 27,674. தி.மு.க. 137 இடம் ஜெயிச்சு, மார்ச் 6-ஆம் தேதி அண்ணா முதலமைச்சர் ஆனார்.

'அந்த போஸ்டர்தான் ஆட்சியைக் கொடுத்தது'ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம், ராஜாஜியோட சுதந்திரா கட்சி வரைக்கும் சேர்த்துக்கிட்ட கூட்டணி, இதெல்லாம் ஏற்கெனவே களத்துல இருந்தது. வெறும் அனுதாபம் ஜெயிக்க வைக்கும்னா, 1912-ல அமெரிக்காவுல தியடோர் ரூஸ்வெல்ட் ஜெயிச்சிருக்கணும். மில்வாக்கி நகரத்துல பிரசாரத்துக்குப் போன அவரை ஒருத்தன் ரிவால்வரால சுட்டான். சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்த 50 பக்கப் பேச்சுக் காகிதமும் கண்ணாடிப் பெட்டியும் குண்டோட வேகத்தைக் குறைச்சது. மனுஷன் குண்டை மார்புல வச்சுக்கிட்டே ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினார். ஆனாலும் அந்தத் தேர்தல்ல தோத்தார். காயம் ஒரு கதையைக் கொடுக்கும். ஓட்டு வாங்க வேற காரணமும் வேணும்.

சரி, நான் ஏன் இந்தக் கதையை எடுத்தேன்னு சொல்றேன். சேலையூர்ல எங்க தெருவுல கடை வச்சிருக்கிற ஒரு அண்ணாச்சி. ராத்திரி கடையைச் சாத்திட்டு கல்லாப் பணத்தோட வரும்போது ரெண்டு பேர் இரும்புக் கம்பியால அடிச்சுட்டுப் பணத்தைப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. தோள்பட்டையில பிளேட் வச்சு ஆபரேஷன். வீட்டுல படுத்திருந்தவரைப் பார்க்கப் போனேன். "தம்பி, துப்பாக்கி லைசென்ஸ் எல்லாம் இப்ப ஆன்லைன்லயாமே, எனக்கு ஒண்ணு ஃபில் பண்ணிக் குடுங்களேன்"னார். விளையாட்டுக்குச் சொல்லல. அவர் மனைவி உள்ளே இருந்து எட்டிப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க.

உட்கார்ந்து விதிகளைப் படிச்சோம். 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டம், 2016-ஆம் வருஷ ஆயுத விதிகள். 21 வயசு ஆகியிருக்கணும். எதுக்கு வேணும்னு காரணம் சொல்லணும். போலீஸ் விசாரணை அறிக்கை வேணும். உடல்நலம், மனநலம் பத்தி டாக்டர் சான்று வேணும். துப்பாக்கியைப் பத்திரமாக் கையாளப் பயிற்சி எடுத்ததுக்குச் சான்று வேணும். முன்னாடி ஒருத்தர் 3 துப்பாக்கி வரைக்கும் வச்சுக்கலாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் 2 தான். தாம்பரத்துக்கு 2022-ல இருந்து தனி போலீஸ் கமிஷனரேட் இருக்கு, அதனால விசாரணை எல்லாம் நம்ம பக்கத்துலயே. லைசென்ஸ் கிடைச்சா சாதாரண ஆள் வாங்கக்கூடியது பெரும்பாலும் .32 ரிவால்வர், கான்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. ராணுவமும் போலீஸும் பயன்படுத்துற தோட்டா அளவுகள் பொதுமக்களுக்குக் கிடையாது. தேர்தல் வந்தா பல இடங்கள்ல ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க.

பயிற்சிங்கிற வரி வந்ததும் அண்ணாச்சி வலது கையைத் தூக்கிப் பார்த்தார். தோள் உயரத்துக்குக்கூட வரல. "இது சரியாக ஆறு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்றாரு"ன்னார். அன்னைக்கு ஃபாரத்தை சேவ் பண்ணி வச்சுட்டுக் கிளம்பினேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அடி வாங்கின உடம்புக்குப் பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு ஒரு கைப்பிடி தேவைப்படுது. ஆனா ராமாவரம் கதை சொல்றதைக் கொஞ்சம் யோசிங்க. எம்.ஜி.ஆர்.கிட்ட துப்பாக்கி இருந்தது. கத்திச் சண்டை, கம்புச் சண்டை எல்லாம் தெரிஞ்ச உடம்பு. வீடு நிறைய ஆள். எதுவும் அந்த ஒரு நிமிஷத்துல உதவல. ஏன்னா ஆபத்து சுவர் ஏறிக் குதிச்சு வரல, சோபாவுல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தது. அண்ணாச்சி விஷயத்துலயும், பின்னாடி இருந்து கம்பி விழுந்தப்ப இடுப்புல ரிவால்வர் இருந்திருந்தா, பணத்தோட அதுவும் போயிருக்கும்.

இன்னொரு பக்கம், 1981-ல அமெரிக்க அதிபர் ரீகன் மேல ஒருத்தன் .22 ரிவால்வரால சுட்டப்ப, அவரோட பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடி தலையில குண்டு பட்டுக் கடைசி வரைக்கும் சக்கர நாற்காலியில இருந்தார். அவரும் அவர் மனைவியும் கேட்டது, துப்பாக்கி வாங்க வர்றவனோட பின்னணியைச் சோதிக்கணும்னு ஒரு சட்டம். 1993-ல அவர் பேர்லயே அது வந்தது. காயத்துல இருந்து எழுந்து வர்றவங்க இப்படியும் ஒண்ணைக் கேக்கலாம்.

எம்.ஜி.ஆர். எழுந்து வந்த விதம் வேற. 1959-ல சீர்காழியில 'இன்பக்கனவு' நாடகத்துல கால் உடைஞ்சப்ப, எலும்பு சேர்ந்ததும் பழையபடி சண்டை போட முடிஞ்சது. குரல் அப்படி இல்ல. இடது காது கேட்கிற திறனும் போச்சு, பேச்சும் குழறிச்சு. பேசியே வாழ்ற நடிகருக்கும் அரசியல்வாதிக்கும் அது பாதி உயிர் மாதிரி. வேற ஆளை வச்சு டப்பிங் பண்ணலாம்னு யோசனை வந்தும், அவர் சொந்தக் குரல்லயே பேசினார். அந்த வருஷம் செப்டம்பர்ல வந்த 'காவல்காரன்' படத்தைக் காதைத் தீட்டிக் கேளுங்க, குரல் மாறினது தெரியும். ஜனங்க அந்த உடைஞ்ச குரலையே அவர் குரலா ஏத்துக்கிட்டாங்க. அந்தக் குரலோட 1977-ல முதலமைச்சர் ஆனார். 1984-ல மறுபடி படுத்த படுக்கையா, புரூக்ளின் ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டே ஆண்டிப்பட்டியில ஜெயிச்சார்.

ராதாவும் சிறையில இருந்து வந்து திரும்ப மேடை ஏறினார், சில படங்கள்ல நடிச்சார். 1979 செப்டம்பர் 17-ஆம் தேதி திருச்சியில இறந்தார். அப்ப முதலமைச்சர் நாற்காலியில இருந்தது எம்.ஜி.ஆர்.

1987 டிசம்பர் 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். இறந்ததுக்கு அப்புறம், அவர் உயில்படி ராமாவரம் தோட்டத்துல ஒரு பள்ளிக்கூடம் வந்தது. வாய் பேச முடியாத, காது கேட்காத பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடமும் விடுதியும். காதும் குரலும் எந்த வீட்டுல போச்சோ, அந்த வீட்டுத் தோட்டத்தை அந்தப் பிள்ளைங்களுக்கே எழுதி வச்சிருக்கார். அடுத்த தடவை மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டுல டிராஃபிக்ல நிக்கும்போது அந்தப் பக்கம் ஒரு பார்வை பாருங்க.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு 1967 ஜனவரி ஞாபகம் இருந்தா, கேட்டு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.