இராகத்திற்கு ஓர் உருவம்

இசை செவிக்கு உரியது. ஓவியம் கண்ணுக்கு உரியது. செவி நுகரும் இன்பத்தைக் கண்ணுக்குக் காட்ட முடியுமா? முடியும் என்று நம்பினார்கள் வட இந்தியாவிலும் தக்காணத்திலும் அரசவைகளைச் சார்ந்து வாழ்ந்த ஓவியர்கள். 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை அவர்கள் தீட்டிய சிற்றோவியத் தொகுதிகளே 'இராகமாலா' எனப்படுகின்றன. நமது கச்சேரிகளில் பாடப்படும் இராகமாலிகை வேறு, இது வேறு.

இராகங்களை அவர்கள் ஒரு குடும்பமாகவே கண்டனர். இராகங்கள் ஆறும் கணவர்; ஒவ்வொருவருக்கும் இராகினியர் ஐவர் மனைவியர்; ஆக 36 ஓவியங்கள். 1570இல் க்ஷேமகர்ணர் இயற்றிய வடமொழி நூல் இராகங்களுக்குப் புதல்வரையும் சேர்த்தது. பஹாரி மலைநாட்டு ஓவியர் அதனையே தழுவினர். இராஜஸ்தானத்து மேவார் அரசு சாவண்டைத் தலைநகராகக் கொண்டிருந்த காலத்தில், 1605இல், நசிருத்தீன் என்னும் ஓவியர் அங்கு ஒரு தொகுதியைத் தீட்டினார். இந்துத் தெய்வங்கள் உலவும் இவ்வோவியங்களை ஒரு முஸ்லிம் கலைஞர் வரைந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தோடியைப் பாருங்கள். கானகத்திலே வீணையுடன் தனித்து நிற்கிறாள் ஒரு பெண். இசையில் மயங்கிய மான்கள் அவளைச் சூழ்ந்து நிற்கின்றன. மேகராகத்திலே கருமுகில் கவிய, கண்ணன் ஆடுகிறான். பைரவியோ சிவலிங்கத்தின் முன் வழிபடும் மங்கை.

தமிழ் கற்றோருக்கு இது முற்றிலும் புதிய உலகமன்று. திணைக்குரிய கருப்பொருள்களுள் யாழையும் வைத்தவர் தொல்காப்பியர். காடும், மாலைப்பொழுதும், மானும், காத்திருத்தலும், முல்லையாழும் ஒன்றாய் இணைந்ததே முல்லைத்திணை. தோடியின் தனிமையை நாம் முல்லை என்றே கொள்ளலாம். நம்மவர் அதனைச் சொல்லால் தீட்டினர். அவர்கள் வண்ணத்தால் தீட்டினர். பிற்காலத்தில் தென்னாட்டு இசையிலக்கணம் கணக்கின் வழியே சென்றது. 17ஆம் நூற்றாண்டிலே தஞ்சையில் வேங்கடமகி சுரங்களைக் கொண்டு 72 மேளங்களை வகுத்தார்.

ஓவியத்தைக் கண்டு இராகத்தின் ஆரோகண அவரோகணத்தை அறிய முடியாது. அன்று அப்பெயரால் வழங்கிய இராகமும் இன்றைய இராகமும் ஒன்றெனக் கொள்ளவும் இயலாது. ஓவியம் காத்துத் தந்தது சுரத்தையன்று. அந்தச் சுரம் எழுப்பிய உணர்வையே.

இவ்விடத்தில் ஈழம் ஈன்ற இருவரை நினைக்க வேண்டும். கொழும்பிலே 1877இல் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, 1916இல் வெளிவந்த 'இராஜபுத்திர ஓவியம்' என்னும் ஆங்கில நூலால் இக்கலையை உலகறியச் செய்தார். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார், வழக்கொழிந்த யாழைச் சிலப்பதிகார அரங்கேற்றுகாதையின் வரிகளிலிருந்து மீட்டெடுக்க முயன்றார். அவரது 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே இருவரும் மறைந்தனர். ஒருவர் தேடியது இசையின் வடிவத்தை. மற்றவர் தேடியது வடிவிழந்த இசையை.

எழுந்த கணத்திலேயே அழிவது ஒலி. அதனைப் பேணச் சொல்லோ வண்ணமோ கணக்கோ வேண்டும். நிலாக்காலத்தில் வாவியிலே மீன் பாடும் என்று கேட்டு வளர்ந்த மட்டக்களப்பு மக்களுக்கு, ஒலியையும் காட்சியையும் பிரித்துப் பார்ப்பதுதான் கடினம். அடுத்த முறை வானொலியில் தோடி ஒலிக்கும்போது கண்களை மூடிக் கேளுங்கள். உங்கள் உள்ளத்தில் எழும் காட்சி எது?