புதிதாக வந்த கேம் பெட்டிக்கு எந்த கேம்? ஐம்பது வருடக் கதை

வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் வாப்பாமார் கொண்டுவரும் சாமான்கள் காலத்துக்குக் காலம் மாறும். ஒரு காலம் கெசட் போடும் பெரிய ரேடியோ. பிறகு டீவி, டெக். இப்போது ப்ளேஸ்டேஷன். பெட்டி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் போகாது, பாடசாலை கேட்டடியில் நம்மைப் பிடித்து ஒரு கேள்வி: "சேர், இதுக்கு என்ன கேம் எடுத்துக் குடுக்கிற?"

பெட்டி வாங்கக் கடை கடையாக விலை விசாரித்திருப்பார்கள். உள்ளே என்ன போடுவது என்பது மட்டும் கடைசியில் வரும் யோசனை. இதில் நமது பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கூட ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கதை தெரிந்தால் நமது பதிலும் கொஞ்சம் தெளிவாகும் என்பதால் நீளமாகவே எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

வீட்டு டீவியில் பூட்டி விளையாடும் முதல் பெட்டி 1972இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பெயர் மெக்னவொக்ஸ் ஒடிசி. அதற்கு அடித்தளம் போட்டவர் ரால்ஃப் பேயர். ஜெர்மனியில் பிறந்து, ஹிட்லர் காலத்தில் சிறுவனாகக் குடும்பத்துடன் தப்பி அமெரிக்கா போன யூத எஞ்சினியர். அந்தப் பெட்டியால் சத்தம் போட முடியாது, புள்ளி கூட்டவும் தெரியாது. திரையில் சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும் மட்டும். ஆகவே டீவிக் கண்ணாடியில் ஒட்டுவதற்குப் படம் அச்சடித்த பிளாஸ்டிக் தாள்கள் கொடுத்தார்கள். தாயக்கட்டை, சீட்டு, விளையாட்டுக் காசு என்பனவும் கூடவே வந்தன. புள்ளியை விளையாடுகிறவர்களே கடதாசியில் எழுதிக்கொள்ள வேண்டும். கேரம் போர்டைப் போல, பெட்டி பாதி, ஆட்கள் மீதி.

விளையாட்டு வேறு, பெட்டி வேறு என்று பிரிந்தது 1976இல். பேர்சைல்ட் கம்பனியின் சனல் எஃப் என்ற பெட்டிக்குத்தான் விளையாட்டைத் தனிக் கெசட்டில் அடைத்து விற்கும் வழி முதலில் வந்தது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லோசன் என்ற கறுப்பின எஞ்சினியர். அவரது பெயர் நமது பிள்ளைகளுக்குத் தெரியாது, நமக்கே பிந்தித்தான் தெரியவந்தது. இன்று கடையில் நின்று "எந்த கேம்?" என்று தலையைச் சொறிவதற்கு ஒரு வகையில் அவர்தான் காரணம்.

அடுத்த வருடம், 1977இல், அட்டாரி தன் பெட்டியை 199 டொலருக்குக் கொண்டுவந்தது. அதனுடன் இலவசமாக வந்த கெசட் கொம்பட். தாங்கியும் விமானமும் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கொம்பட்டைத் தனியாக விளையாட முடியாது. மறுபக்கம் ஓட்டுவதற்கு இயந்திரத்துக்கு அறிவு போதாது, பக்கத்தில் ஒரு ஆள் உட்கார வேண்டும். அதனால் பெட்டியிலேயே இரண்டு ஜோய்ஸ்டிக் இருந்தது. கல்வியியற் கல்லூரியில் மில்ட்ரட் பார்ட்டன் என்ற ஆய்வாளரைப் பற்றிப் படித்திருப்போம். தனித்து விளையாடுவது, அருகருகே இருந்து தன்பாட்டில் விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது என்று 1932இலேயே வகை பிரித்தவர். அவர் இருந்து பார்த்திருந்தால் கொம்பட்டைக் கடைசி வகையில் சேர்த்திருப்பார் என்று நினைக்கிறோம்.

1980இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் அட்டாரிக்கு வந்ததும் கதை தலைகீழானது. பெட்டி இருப்பதால் கேம் வாங்கிய சனங்கள், அந்த ஒரு கேமுக்காகவே பெட்டி வாங்கத் தொடங்கினார்கள்.

காசு கண்டதும் எல்லோரும் வந்தார்கள். அட்டாரியில் வேலை செய்தவர்கள், கேமில் தங்கள் பெயரைக்கூடப் போட விடுகிறார்களில்லை என்ற கோபத்தில் வெளியேறி 1979இல் அக்டிவிஷன் கம்பனியை ஆரம்பித்தார்கள். அவர்களுடையது நல்ல சரக்கு. ஆனால் அவர்கள் திறந்த வாசலால் பிறகு யார் யாரோ நுழைந்தார்கள். ஓட்ஸ் விற்கும் குவேக்கர் கம்பனி கேம் வியாபாரத்தில் இறங்கியது. நாய்த்தீனி விற்கும் பியூரினா கம்பனி தன் விளம்பரத்துக்கு ஒரு கேமே செய்வித்தது. கடை றாக்கைகள் நிறைந்தன. எது நல்லது, எது குப்பை என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கெசட்டின் மேலட்டையில் ஓவியர் வரைந்த அழகான படம் இருக்கும், உள்ளே நாலு கட்டம் ஓடும். பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கப் போன உம்மம்மாக்கள் எதைப் பார்த்து எடுப்பார்கள்? படத்தைப் பார்த்துத்தான்.

1982ஆம் ஆண்டின் ஈ.டி. கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஸ்பீல்பெர்க்கின் படம் உலகமெல்லாம் ஓடியது. கிறிஸ்மஸ் வியாபாரத்துக்குள் கேம் வர வேண்டும் என்று ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற ஒரே ஆளிடம் ஐந்து கிழமை அளவில் தவணை கொடுத்தார்கள். கேமில் அந்தப் பாவப்பட்ட ஈ.டி. திரும்பத் திரும்பக் குழிக்குள் விழுந்துகொண்டே இருக்கும். விற்காமல் திரும்பிவந்த கெசட்டுகளை 1983 செப்டெம்பரில் நியூ மெக்சிகோவின் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள். வெறும் கட்டுக்கதை என்று பலர் சொன்னார்கள். 2014இல் தோண்டிப் பார்த்தபோது கெசட்டுகள் வெளியே வந்தன, ஈ.டி.யும் அதற்குள் இருந்தது.

1983இல் மூன்று பில்லியன் டொலரைத் தாண்டியிருந்த அமெரிக்க வீட்டு கேம் வியாபாரம், 1985இல் ஏறத்தாழ நூறு மில்லியனுக்கு விழுந்தது. ஈ.டி.தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் அதை ஏற்பதில்லை. ஒரு கூடாத கேமால் ஒரு தொழில் விழாது. வீட்டுக் கொம்பியூட்டர்களின் விலை இறங்கியதும் ஒரு காரணம். அதைவிட, வாங்குகிறவருக்குத் தெரிவு செய்ய எந்த வழியும் இருக்கவில்லை. இரண்டு மூன்று தரம் ஏமாந்த வாப்பா, நாலாம் தரம் அந்தக் கடைப் பக்கமே போகமாட்டார்.

ஜப்பானின் நின்டெண்டோ இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தது. 1985 ஒக்டோபரில் நியூயோர்க்கில் தன் பெட்டியை இறக்கியபோது, உள்ளே ஒரு பூட்டுச் சிப் வைத்தது. நின்டெண்டோ அனுமதிக்காத கெசட்டைப் போட்டால் பெட்டி இயங்காது. வெளிக் கம்பனி ஒன்று வருடத்துக்கு ஐந்து கேம் மாத்திரம் போடலாம் என்று கட்டுப்பாடு. மேலட்டையில் ஒரு தரமுத்திரை. வாங்குகிறவருக்காகக் கம்பனியே தெரிவு செய்து கொடுத்தது. சில்லறை வேலையல்ல, ஒரு தொழிலையே அது தூக்கி நிறுத்தியது. ஆனால் எது வரலாம், எது வரக்கூடாது என்ற சாவி ஒரே கம்பனியின் கையில் போனதும் அன்றைக்குத்தான்.

நமது கதை இங்கேதான் பிரிகிறது. அதே பெட்டி 1983இலேயே ஜப்பானில் ஃபமிக்கொம் என்ற பெயரில் வந்திருந்தது. அதற்குள் அந்தப் பூட்டுச் சிப் கிடையாது. பூட்டில்லாத வீட்டுக்குள் யாரும் நுழையலாம்தானே. தாய்வான், சீனப் பக்கத்துத் தொழிற்சாலைகள் அதைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகள் உலகத்தின் பாதிக்குப் பரவின. ரஷ்யாவில் அதற்குப் பெயர் டென்டி. சீனாவில் சுபோர் கம்பனி அதனுடன் ஒரு விசைப்பலகையைச் சேர்த்து "கற்றல் இயந்திரம்" என்று பெயரிட்டு, ஜாக்கி சானை வைத்து விளம்பரம் போட்டது. படிப்பு என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோர் மணிபர்சைத் திறப்பார்கள் என்பது எல்லா நாட்டு வியாபாரிக்கும் தெரியும். பிள்ளைகள் அதில் என்ன கற்றிருப்பார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

நமக்கு அதன் பெயர் டீவி கேம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்ததும், வளைகுடாவுக்குப் போய்வந்த சனங்களும் சேர்ந்து அதை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அது இருந்தது. கெசட்டின் மேல் 9999 கேம் என்று எழுதியிருக்கும். பட்டியலை இறக்கி இறக்கிப் பார்த்தால் இருபது, முப்பதுக்குப் பிறகு அதே கேம்தான் வேறு பெயரில் திரும்ப வரும். ஒன்றில் இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்றில் உயிர் கூட இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இங்கிலீஷ் பெயர் விளங்காததால் இலக்கத்தைத்தான் பாடமாக்கி வைத்திருந்தோம்.

ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் தெரிவைப் பாருங்கள். கொன்ட்ரா. தாங்கி கேம் என்று நாம் சொன்ன பெட்டில் சிட்டி. இரண்டிலும் இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று விளையாடலாம். வீட்டில் பத்துப் பேர் குவிந்திருக்கும்போது ஒருவர் மட்டும் விளையாடும் கேமைப் போட்டால் மற்ற ஒன்பது பேரும் விடுவார்களா? செத்தால் ரிமோட்டைக் கைமாற்ற வேண்டும் என்பது சட்டம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் எல்லோரும் எழும்ப வேண்டும் என்பது அதற்கு மேலான சட்டம். எந்தக் கம்பனியும் முத்திரை குத்தாமல், கூட்டமே தெரிவு செய்தது.

1993இல் இன்னொரு திருப்பம். மோர்ட்டல் கொம்பட் என்ற சண்டை கேம் வீட்டுப் பெட்டிகளுக்கு வந்தது. நின்டெண்டோ இரத்தத்தை நீக்கிவிட்டுப் போட்டது. போட்டிக் கம்பனி செகாவின் பெட்டியில் ஒரு இரகசியக் குறியீட்டை அழுத்தினால் இரத்தம் வரும். எது கூட விற்றது என்று ஊகிப்பது கஷ்டமல்ல. அந்த வருட டிசெம்பரில் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தது, ஜோ லீபர்மன் அதில் முன்நின்றார். அரசாங்கம் சட்டம் போட்டுவிடும் என்ற பயத்தில் கம்பனிகளே 1994இல் வயதுக் குறியீட்டு முறையை உருவாக்கின. ஐரோப்பாவில் 2003இல் பெகி என்ற முறை வந்தது. 3, 7, 12, 16, 18 என்று உறையில் எண் இருக்கும். சீனா வேறு வழியில் போனது. 2000ஆம் ஆண்டில் கேம் பெட்டிகளின் விற்பனையையே தடை செய்து, பதினைந்து வருடத்துக்குப் பிறகுதான் முழுமையாக நீக்கியது. அந்த வருடங்களில் சீனப் பிள்ளைகள் கேம் விளையாடாமல் இருக்கவில்லை, கொம்பியூட்டரில் விளையாடினார்கள்.

அந்த எண் நம் கைக்கு வராமல் போனதற்குக் காரணம் எளிமையானது. எண் அச்சாகியிருப்பது உறையில். ப்ளேஸ்டேஷன் காலத்தில் நமக்கு வந்ததோ கொப்பி அடித்த இறுவட்டு. மெல்லிய பிளாஸ்டிக் பையில், மேலே மார்க்கரால் பெயர் எழுதி, சில நூறு ரூபாவுக்கு. ஜி.டி.ஏ. சான் அன்ட்ரியாஸ் உறையில் ஐரோப்பாவில் 18 என்று போட்டிருந்தது. நமது ஊரில் அதைத் தரம் ஆறு படிக்கிற பிள்ளைகள் கார் ஓடும் கேம் என்று சொல்லி விளையாடினார்கள். வாப்பா எட்டிப் பார்த்தால் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எந்தப் பெற்றோரும் தெரிந்துகொண்டு அதை வாங்கிக் கொடுக்கவில்லை. எச்சரிக்கை உறையோடு கழன்று போய்விட்டது.

இப்போது உறையே இல்லை. கேமை இணையத்தில் இறக்கிக் கொள்கிறார்கள். பல கேம்கள் இலவசம், காசு பிறகு உள்ளே போகும். திறக்கும் வரை என்ன கிடைக்கும் என்று தெரியாத பெட்டிகளைக் காசுக்கு விற்பதை 2018இல் பெல்ஜியம் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. காசு கொடுத்துவிட்டு அதிர்ஷ்டத்தைப் பார்த்திருப்பதற்கு என்ன பெயர் என்று நமது வீடுகளில் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆகவே இலவசம் என்ற சொல்லைக் கண்டால் முதலில் வங்கி அட்டையின் இலக்கத்தைப் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். விலை கொடுத்து ஒரு தரம் வாங்கி முடிகிற கேம், பெரும்பாலும் அந்த இலவசத்தை விட மலிவு.

கேட்ட பெற்றோருக்கு நாம் சொல்லும் பதில் சுருக்கம். இரண்டாவது ரிமோட் ஒன்றை முதலில் வாங்குங்கள், கேம் பிறகு. ஒரே அறையில் இரண்டு பேர் விளையாட முடியுமா என்று பாருங்கள், இணையத்தில் முகம் தெரியாதவரோடு என்பது வேறு கணக்கு. வயது எண்ணைப் பெட்டியின் கடைப்பக்கத்திலேயே பார்க்கலாம். பெற்றோர் கட்டுப்பாடு என்ற இடத்தில் அந்த எண்ணைப் பதிந்து, கடவுச்சொல்லை மகனிடம் கேட்டுப் போடாமல் நீங்களே போடுங்கள். சிரிக்க வேண்டாம், மகனே போட்டுக் கொடுத்த வீடுகள் நமக்குத் தெரியும். பந்து விளையாட்டு, கார் ஓட்டம் போன்றவை தொடங்குவதற்குப் போதும். ஒரே நாளில் பத்து கேம் வேண்டாம், ஒன்றை முடித்தால் அடுத்தது.

பெரிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். 2021இல் சுவீடன் கம்பனி ஒன்று செய்த இட் டேக்ஸ் டூ என்ற கேம் அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை எடுத்தது. பிரியப் போகும் ஒரு தாயும் தகப்பனும் பொம்மைகளாகிவிடுவதுதான் கதை. கொம்பட்டைப் போலவே அதையும் தனியாக விளையாட முடியாது. உறையில் 12 என்று எண் இருக்கிறது.

உங்கள் வீட்டு டீவி கேம் பெட்டியில் என்ன பெயர் எழுதியிருந்தது? எந்த இலக்கத்தில் எந்த கேம் இருந்தது? ஞாபகம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், சேர்த்து வைக்க விரும்புகிறோம்.